தாத்தாவின் தாடி

அறுவடைப் பண்டிகையான சூசொக்குக்கு முன்பே மூதாதையர் சமாதியில் புல் வெட்டி முடிக்காத குடும்பத்தை அந்த மலையடிவாரத்தில் யாரும் மதிப்பதில்லை. மேங் டால்சு அந்தப் பேச்சுக்கு ஒருநாளும் இடம் கொடுத்தவரல்லர். அன்றும் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக மலையேறினார்.

தாத்தாவின் சமாதி மேட்டைச் சுற்றி, கூடவே வந்த மருமகள் யோனோக் வசந்தத்தில் நட்ட மலைச்செடிகள் இடுப்பளவு வளர்ந்து பூத்திருந்தன.

"மாமா, மேட்டு மேல இருக்கற புல்ல வெட்டிக்குங்க. ஓரத்த மட்டும் விட்டுடுங்க. பட்டாம்பூச்சி முட்டை போட்டிருக்கு."

"எதிர்ச்சரிவு பியோ குடும்பம் பாத்தா, மேங் வீட்டுல புல் வெட்ட ஆளில்லன்னு சிரிக்கும்மா."

அவர் இயந்திரத்தை முடுக்கப் போனபோது அந்தக் குடும்பத்துப் பியோ கிசோப்பே வந்து நின்றார்.

"என்னப்பா டால்சு, உங்க தாத்தாவுக்குத் தாடி வளந்திருக்கு? மருமக கைவரிசையாமே!"

யோனோக்கின் முகம் வாடியது. வீட்டுப் பெண்ணை வெளியாள் ஏளனம் செய்வதா? டால்சுவின் முதுகு நிமிர்ந்தது.

"தாடி இல்லய்யா, விருந்து. வாசலுக்கு வந்தவங்கள எங்க தாத்தா பட்டினியா அனுப்பினதே இல்ல. உங்க தாத்தாவப் பாக்க ஒரு ஈயாவது வருதா?"

கிசோப் வந்த வழியே இறங்கிப் போனார். சொன்ன சொல்லை இனி மாற்ற முடியாது. டால்சு இயந்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து கயிற்றை எடுத்தார்.

"கயிறு எதுக்கு மாமா?"

"அந்த முனையப் பிடி. பந்தின்னா வரிசை நேரா இருக்க வேணாமா? வேணும்னேதான் விட்டிருக்கோம்னு தூரத்துலேருந்தே தெரியணும்."