நாற்பது கிராம் சீஸ்

தராசு மூச்சை விட்டுவிட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டியும் தட்டியும் பார்த்தான் தையல்காரன். ஒன்றும் நடக்கவில்லை. வாணலியில் முட்டை ஆறிக்கொண்டிருந்தது, மேஜையில் மகள் காத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் சொன்ன கணக்கு, மதியத்துக்கு சீஸ் நாற்பது கிராம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்தக் கணக்கில் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் பிள்ளைக்கு வலிப்பு நின்றது.

எடை போடுவது எப்போதும் மனைவிதான். அவள் ரயில் ஓட்டுகிறாள். வண்டியில் இருக்கும்போது போனைத் தொட முடியாது. கண்ணளவெல்லாம் துணியோடு வைத்துக்கொள்ளச் சொல்லி அடிக்கடி அவனைக் கிண்டலடிப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

போனில் தேடினான். துருவிய சீஸ் ஒரு கப் நூறு கிராம் என்றது ஓர் இடம், நூற்றிருபது என்றது இன்னொன்று. நூறையே பிடித்துக்கொண்டு, புதுக் கட்டியைப் பிரித்து, கப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் துருவினான். எதற்கும் இருக்கட்டுமென்று கரண்டியால் அழுத்தினால், அது கால் கப்புக்கு இறங்கிவிட்டது. எது நாற்பது, உப்பி நின்றதா, அமுங்கியதா? அவன் தேய்த்தது துருவியின் பொடிக் கண்ணில். போனில் எழுதிய புண்ணியவான் எந்தக் கண்ணில் துருவினானோ.

"அப்பா, பசிக்குது."

"ரெண்டே நிமிஷம் தங்கம்."

குப்பைக்கூடையில் கிடந்த உறை அப்போதுதான் கண்ணில் பட்டது. இருநூறு கிராம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இதை விட்டுவிட்டுக் கப்பைக் கட்டி அழுதிருக்கிறான், மடையன். பிரிக்காத இன்னொரு கட்டியை எடுத்து, கழுத்தில் கிடந்த டேப்பால் அளந்தான்: பத்து சென்டிமீட்டர். நல்லவேளை, துருவிய கட்டியை ஒரு முனையிலிருந்து நேராகத்தான் தேய்த்திருந்தான். அதில் மிச்சம் ஏழரை. அப்படியானால் கப்பில் இருப்பது ஐம்பது கிராம். பத்து அதிகம்.

துருவலைத் தட்டில் கொட்டி ஐந்து குவியலாகப் பிரித்தான். ஒன்றிலிருந்து கிள்ளி இன்னொன்றில் வைத்தான், மறுபடி எடுத்தான். இத்தனை வருஷம் சட்டையும் பாவாடையும் வெட்டியவனுக்கு, ஐந்தும் ஒன்றுபோல இருக்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு குவியலைத் தள்ளிவைத்துவிட்டு மற்ற நான்கையும் முட்டைமேல் தூவிக் கொடுத்தான். அவள் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள், போன் அடித்தது. மனைவியின் வண்டி கடைசி நிலையத்துக்கு வந்திருந்தது.

"எடை போட்டீங்களா?"

தராசு போனதையும் டேப்பில் அளந்ததையும் சொன்னான்.

"சாப்பிட ஆரம்பிச்சிட்டாளா?"

"ம்."

"அவ கண்ணையே பாத்துக்கிட்டிருங்க. நான் மறுபடி வண்டி எடுக்கணும்."

எதிரே உட்கார்ந்து பார்த்தான். முன்பெல்லாம் வலிப்பு இப்படித்தான் தொடங்கும். பேசிக்கொண்டிருப்பவள் பாதியில் நிறுத்திவிடுவாள், பார்வை எங்கோ குத்திட்டு நிற்கும், கூப்பிட்டால் கேட்காது. இப்போது கரண்டி பாதி வழியில் நின்றது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா."

அவள் திரும்பவில்லை.

"பாப்பா!"

"மென்னுட்டிருக்கேன்ல," என்றாள், வாய் நிறைய.

அவன் எழுந்துவிட்டிருந்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்து அவள் முகம் தெரியவில்லை. மேஜைக்கு அடியில் தரை எட்டாத இரண்டு பாதங்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. அவன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.