மட்கார்டுக்குள் பூசிய கறுப்பு

1

இந்தக் கதை பொறாமையிலிருந்து வந்தது. யாருடைய பொறாமை என்பதைக் கடைசிவரை மறைத்துவைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அப்படிச் செய்தால் என்னை நல்லவள் என்று நம்பிக்கொண்டே நீங்கள் பாதிக் கதையைத் தாண்டிவிடுவீர்கள். அது சரியில்லை. டிரைவர் நல்லசாமிக்குப் பொறாமை இருந்தது, எனக்கும் இருந்தது. என் பெயர் தபித்தாள். 1974இல் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘மூடுபனி இறங்கிய ஒரு காலையில் மேனேஜரின் வெள்ளைக் கார்’

நிறுத்திவிட்டேன். மூடுபனியில் கார் தெரியாது. இந்தக் கதைக்குக் கார் தெரிய வேண்டும், அதிலும் யாரும் குனிந்து பார்க்காத இடம்: சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் உள்பக்கம்.

2

முத்துவேல் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இரண்டு மாதம் கிடந்து, மனைவி சின்னம்மையோடு எங்கள் எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தவர். அங்கே அட்டன் பக்கம் ஒரு தொரையின் கார்களைப் பதினாறு வருடம் துடைத்தவர். இங்கே களைவெட்டப் போட்டார்கள்.

ஒரு நாள் கார் கழுவ ஆளில்லை. முத்துவேலைக் கூப்பிட்டார்கள். அவர் காரின் மேல்பக்கத்தைத் தொடவே இல்லை. முதலில் சக்கரங்களைக் கழற்றினார். பிரேக் டிரம்மைச் சாக்கால் மூடிக் கட்டினார். மட்கார்டுக்குள் அப்பிக் காய்ந்திருந்த செம்மண்ணை மூங்கில் சிம்பால் பெயர்த்தார், தென்னைநார் பிரஷ்ஷால் தேய்த்தார், கழுவினார், வெயிலில் காயவிட்டார். பிறகு தாரை மண்ணெண்ணெயில் கரைத்து, துணியில் தோய்த்து, மெல்லிசாக ஒரே ஒரு பூச்சு.

சாயங்காலம் சக்கரங்களை மாட்டிக் காரை வெளியே எடுத்தபோது வெள்ளை உடம்புக்குக் கீழே நான்கு கறுப்பு வளைவுகள். கார் புதிதாக வாங்கியது போல் நின்றது.

மேனேஜர் குனிந்து பார்த்தார். அவர் எதற்கும் குனிந்து நான் பார்த்ததில்லை. மறுநாளே முத்துவேலைக் கராஜுக்குக் கிளீனராகப் போடச் சொன்னார்.

3

(இந்தப் பகுதியில் நல்லசாமியை வில்லனாக எழுதியிருந்தேன். பீடியைக் கடித்துத் துப்புகிறவர், கண்ணைச் சுருக்குகிறவர். அவர் பீடியே பிடிக்கமாட்டார். அடித்துவிட்டேன்.)

பதினோரு வருடம் அந்தக் காரை ஓட்டியவர் நல்லசாமி. கொண்டை ஊசி வளைவுகளில் மேனேஜரின் பிள்ளைகள் தூக்கம் கலையாமல் வருவார்கள். அதற்காக யாரும் அவரைப் பாராட்டியதில்லை. இப்போது விருந்தாளிகள் வந்தால் மேனேஜர் அவர்களைக் கராஜுக்கே கூட்டிப்போய் மட்கார்டைக் காட்டினார்.

ஒரு நாள் என் மேசை அருகே வந்து நின்றார் நல்லசாமி.

“ஏனுங்க, ஊட்டுக்குப் போனா எம்பொண்டாட்டி பாலாமணியும் அதையே பேசறாளுங்க. சிலோன்காரரு காரைக் கண்ணுக்கு மை வச்ச மாதிரி வச்சிருக்காராமா. பதினோரு வருசமா நான் ஓட்டுனதுல ஒரு கீறல் உண்டுங்களா? அத ஒருத்தராச்சும் சொன்னாங்களா?”

“மேனேஜர் ரசிக்கிறாரு, அவ்வளவுதானே” என்றேன்.

“உங்களுக்கு எரியலீங்களா?”

எரிந்தது. அந்தக் கிளீனர் வேலைக்கு என் தம்பி சில்வஸ்டர் இரண்டு வருடமாக மனுப்போட்டுக்கொண்டிருந்தான். மனுக்களை டைப் அடித்தது நான்தான். முத்துவேல் கராஜுக்குள் நுழைந்த அன்று, சின்னம்மை எனக்கு வணக்கம் சொன்னபோது, கேட்காதது போல் ரிப்பனை மாற்றிக்கொண்டிருந்தேன்.

4

மழை மாதம். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. நல்லசாமி பள்ளத்தின் பக்கம் போகவிடாமல் காரை மலைச்சரிவில் உரசி நிறுத்தினார். மேனேஜருக்கு நெற்றியில் வெட்டு. வேறு யாராக இருந்தாலும் அன்று இரண்டு பேரும் செத்திருப்பார்கள். ஆனால் பெடல் இறங்குகிறது என்று பத்து நாளாக அவருக்குத் தெரியும். ஒர்க் ஷாப்புக்கு விடவில்லை. விட்டால் கார் முத்துவேல் துடைத்த அழகோடு கோத்தகிரி கடைவீதியில் நிற்கும், எல்லோரும் பார்ப்பார்கள் என்பதற்காக. இதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

மேனேஜரிடம் சொன்னது வேறு.

“அந்தச் சிலோன்காரன் மட்கார்டுக்குள்ள எண்ணெயப் பூசறானுங்க. அது ஒழுகி டிரம்முக்குள்ள எறங்கிருச்சுங்க.”

மெக்கானிக்கின் சீட்டு மறுநாள் காலையிலேயே என் மேசைக்கு வந்துவிட்டது. உள்ளே ரப்பர் தேய்ந்து பிரேக் எண்ணெய் கசிந்திருக்கிறது, வெளியிலிருந்து எதுவும் இறங்கவில்லை என்று எழுதியிருந்தது. படித்தேன். மேனேஜரிடம் காட்டாமல் ஃபைலில் சொருகினேன். பதினொரு மணிக்கு மேனேஜர் கட்டுப்போட்ட நெற்றியோடு வந்து கடிதம் சொன்னார். மட்கார்டில் எண்ணெய் பூசியதால் முத்துவேலுக்கும் சின்னம்மைக்கும் வேலை இல்லை, குடியிருக்கும் லயத்து வீட்டை ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும். நான்கு வரி. ஒரு பிழைகூட விடாமல் அடித்தேன்.

(இங்கே ‘என் விரல்கள் நடுங்கின’ என்று எழுதிப் பார்த்தேன். நடுங்கவில்லை.)

சில்வஸ்டருக்கு வேலை கிடைத்தது. அவன் பூசிய கறுப்பு திட்டுத்திட்டாக வழிந்தது. நாலாம் மாதம் பிடிக்காமல் திருப்பூர் போய்விட்டான். நல்லசாமி மட்கார்டு பக்கமே பார்ப்பதை விட்டார்.

5

இரண்டு வருடம் கழித்து கூடலூர் போகும்போது நடுவட்டத்தில் பஸ் நின்றது. டீக்கடைக்கு எதிரே லாரியில் விறகு ஏற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். முத்துவேல்.

“டைப்பிஸ்டம்மா, சொகமா இருக்கீங்களா?”

சின்னம்மை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“இருக்கு. இடுப்பு ஏலாது. கொழுந்துக்குப் போறதில்ல.” கையைத் துண்டில் துடைத்தார். “அந்தக் கடுதாசிய ஒரு வாத்தியாரைக் கொண்டு வாசிக்கச் சொன்னேன். நான் எண்ணெய் பூசுனேன்னு போட்டிருக்காம். எண்ணெய் பூசுனா சேறு ஒட்டும், ரப்பர் கெட்டுப்போகும். நான் பூசுனது தாரு, அதுல கலந்த மண்ணெண்ணெய் காஞ்சு போயிரும். வேற எண்ணெய் நான் தொட்டதே இல்ல.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“என்னைய ஆரு கேட்டா?”

பிறகு, வெகு சாதாரணமாக, “இன்னொரு கடுதாசி அடிச்சுத் தர ஏலுமா? முத்துவேல் எண்ணெய் பூசலைன்னு. வேலைக்கு இல்ல. சும்மா, வீட்டுல வச்சுக்க.”

“மேனேஜர் மாறிப் போயிட்டாருங்க. யார் கையெழுத்துப் போடுவாங்க?”

“நீங்க போடுங்க. அடிச்சது நீங்கதானே.”

அவருக்கு மெக்கானிக்கின் சீட்டைப் பற்றித் தெரியுமா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியாது. அப்போதுகூட எனக்குப் பொறாமைதான் வந்தது. தான் செய்யாததைச் செய்யவில்லை என்று ஒரு மனிதரால் இவ்வளவு நிம்மதியாகச் சொல்ல முடிகிறதே என்று.

பஸ் கிளம்பியது. “பாத்துச் செய்றேன்” என்று ஏறிவிட்டேன். என் பையை அவர்தான் மேலே எடுத்துக் கொடுத்தார்.

6

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கூடலூரிலிருந்தே கடிதம் அடித்து அனுப்புகிறேன். இன்னொன்றில் நல்லசாமியையும் கூட்டிக்கொண்டு நடுவட்டம் போகிறேன். மூன்றாவதில் சின்னம்மை அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிறாள். மூன்றாவது நன்றாக வந்திருந்தது. அதைத்தான் முதலில் கிழித்தேன்.

நடந்தது இதுதான்: நான் அனுப்பவில்லை. அடுத்த முறை அந்த வழியாகப் போனபோது பஸ்ஸிலிருந்து இறங்கவும் இல்லை.

அவர் கேட்டது என் கையெழுத்து. கதைக்குக் கீழே அதைப் போட்டுவிட்டால் முடிவு வந்துவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தேன். இதை அவர் படிக்கப்போவதில்லை, நீங்கள்தான் படிக்கிறீர்கள். அதனால் முடிவு போடாமல் விடுகிறேன். இதை வாசித்துக் காட்டினால் கேட்பதற்கு முத்துவேல் வீட்டில் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று, நடுவட்டம் பக்கம் போகிறவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.