ஒன்றைத் தாண்டிய கோடு

கூட்டம் இரண்டு மணிக்கு. பன்னிரண்டேகாலுக்குத்தான் மார்லீன் கோமோ தன் தவறைக் கண்டுபிடித்தாள்.

ஹாலிஃபாக்ஸில் குறைமாதக் குழந்தைகளுக்கான சிகிச்சை விதிகளை எழுதும் குழுவுக்கு அவள்தான் புள்ளியியலாளர். நுரையீரலைக் காக்கும் என்று நம்பிய ஒரு மருந்தைப் பற்றி ஆறு ஆய்வுகள் இருந்தன. ஆறும் ஆறு விதமாகச் சொல்லின. அவற்றைச் சேர்த்து ஒரே முடிவாக்க, ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்று முதலில் அளக்கவேண்டும். அதற்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. ஆய்வுகள் குறைவாக இருந்தால் அது பெரும்பாலும் விலகலைக் குறைத்துக் காட்டிவிடும்; முடிவு இருப்பதைவிட உறுதியாகத் தெரியும். அதனால்தான் போன வருடமே, எந்த முடிவையும் பார்க்குமுன், புதிய சூத்திரத்தைத்தான் பயன்படுத்துவோம் என்று திட்டத்தில் எழுதி வைத்தாள். மென்பொருளோ தானாகவே பழையதை எடுத்துக்கொண்டிருக்கிறது. அவள் மாற்ற மறந்திருக்கிறாள்.

மாற்றி ஓட்டினாள். பலன் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று காட்டும் கோடு, முன்பு மருந்துக்குச் சாதகமாகவே நின்றது, இப்போது நீண்டு, ஒன்று என்ற எண்ணைத் தாண்டிப் போய் நின்றது. ஒன்று என்றால் மருந்தால் எந்த வித்தியாசமும் இல்லை என்று பொருள். பலன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

குழுத் தலைவர் டங்கன் கில்லிஸின் அறைக்கு ஓடினாள். அவர் தாளைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"ரெண்டுமே எல்லாரும் பயன்படுத்துற முறைதானே?"

"ஆமா."

"அப்புறம் என்ன? அறிக்கை எல்லார் கைக்கும் போயாச்சு. இப்ப வந்து குட்டையக் குழப்புறியே!"

"முடிவைப் பாத்துட்டு முறையைத் தேர்ந்தெடுத்தா, அது நம்ம ஆசையைத்தான் சொல்லும் டங்கன்."

"அந்த ஆறுல ஒண்ணு என்னோடது. தெரியுமில்ல?"

"தெரியும். அதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன்."

அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "நீயே போய்ச் சொல்லு. திட்டையும் நீயே வாங்கிக்கோ."

கூட்டத்தில் இரண்டு கோடுகளையும் திரையில் போட்டாள். "தப்பு என்னோடது," என்றாள்.

இருபது வருடமாகக் குழந்தைகள் பிரிவில் வேலைபார்க்கும் செவிலி இவெட் எழுந்தாள். "அப்போ மருந்து வேலை செய்யாதுங்கறியா?"

"அப்படிச் சொல்லல. நமக்கு இன்னும் தெரியலங்கறேன்."

"ஒரு அம்மா வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"இதையேதான்."

"சொல்றது உனக்கு சுலபம்!"

வாக்கெடுப்பில் டங்கன் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. 'எல்லாருக்கும் கொடுக்கலாம்' என்ற வரி, ஆதரவாக ஏழு, எதிராக நான்கு வாக்குகளில், 'ஆய்வில் சேரும் குழந்தைகளுக்கு மட்டும்' என்று மாறியது. இவெட் தன் தாள்களை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். மார்லீனுக்கு நிம்மதி வரவில்லை.

சாயங்காலம் டங்கன் அவள் மேசை முன் வந்து நின்றார். கோபம் இன்னும் போகவில்லை.

"பெரிய ஆய்வு ஒண்ணு நடத்தியே ஆகணும். எத்தனை குழந்தைங்க வேணும்னு கணக்குப் போட்டுக் குடு."