ஈர விறகு

மாமனாருக்கு ஒப்பாரி வைப்பதற்கு முன்னால் மருமகள் பஞ்சாலைக்குத் தரையைத் துடைக்க வேண்டியிருந்தது.

பழைய சாக்கைப் போட்டு முழங்காலால் தள்ளித் தள்ளித் துடைத்தாள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வந்த உடுப்பைக்கூட மாற்றவில்லை. கட்டிலில் சன்னாசி வாயை லேசாகத் திறந்து, கூரையிடம் ஏதோ விசாரிப்பவர் போலக் கிடந்தார். கட்டிலுக்கடியில் அவருடைய நாய் கப்பித்தான் மூஞ்சியை முன்னங்கால்களுக்குள் செருகிக்கொண்டு, இந்த ஈரத்துக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்கிற பாவனையில் படுத்திருந்தது.

"ஒரு நிமிசம் பொறுங்க மாமா," என்றாள் பஞ்சாலை. "இதை முடிச்சிட்டு அழுவுறேன்."

சற்று முன் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது ஈரம்தான். "என்ன மாமா, ஆளு வீட்ல இருக்கறப்பவே போயிருக்கே இது, நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டபடியே வாளியைக் கீழே வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. ஆள் இருந்தால் கப்பித்தான் போகாது. வீட்டில் ஆள் இல்லையென்றால்தான் போகும். அது அவளுக்கு முன்னாலேயே கணக்குப் பார்த்து முடித்துவிட்டது.

கப்பித்தானுக்கு வயது பதினாலு. சன்னாசி கணக்குப்படி அதற்கும் மேலே. ஜப்பான்காரன் காலத்தை மனுசருக்கும் நாய்க்கும் இரட்டிப்பாகப் போட வேண்டும் என்பது அவர் வாதம். அவர் தோட்டத்தின் ராத்திரி ஜாகா, அதாவது காவல்காரர். புகைக்கொட்டகையில் தொங்கும் ரப்பர் ஷீட்டுகளை இரண்டு பேருமாகத்தான் காவல் காத்தார்கள். ஒருநாள் ஜப்பான் ஆபீசர் ஒருத்தனுடைய பூட்ஸில் கப்பித்தான் ஒன்றுக்குப் போனதாகவும், மறுநாளே ஜப்பான் சரணடைந்துவிட்டதாகவும் சொல்வார். குண்டு போட்டதால் அல்லவா என்று யாராவது கேட்டால், "அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்," என்பார், பெருந்தன்மையாக.

வீட்டுக்குள் ஒரு சொட்டு விட்டதில்லை, அந்த நாய். சன்னாசி நெஞ்சுவலியோடு சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. பஞ்சாலையும் அவள் புருசன் முருகையாவும் விடிந்ததும் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போய்விடுவார்கள். நாயை வெளியே விட முடியாது. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்குப் பயந்து கம்பி வேலி போட்ட பிறகு தோட்டத்தில் மனுசருக்கு ஒரு சட்டம், நாய்க்கு ஒரு சட்டம். மனுசர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெளியே தெரிந்தால் சுடுவார்கள். நாய் தனியாக எந்நேரம் தெரிந்தாலும் சுடுவார்கள். அது குரைப்பது காட்டிலிருந்து வரும் ஆளைப் பார்த்தா, பூனையைப் பார்த்தா என்று காவல்காரப் பையன்களுக்குப் புரியவில்லையாம். ஆகவே கப்பித்தானை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். திரும்பி வந்தால் குளம்.

லயத்து வீட்டுத் தரை சரிவு. குளம் பலகைச் சுவருக்கடியில் நுழைந்து, பக்கத்து வீட்டு முத்தாயியின் அடுப்படியில் போய் நிற்கும். முத்தாயிக்கு ஒரு கால் ஊனம், வேலைக்குப் போவதில்லை. ஆகவே அது வரும் நேரத்தில் வரவேற்க அவள் அங்கேயே இருந்தாள்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. மிளகாய்த்தூள் போட்டார்கள், நாய் தும்மிக்கொண்டே போனது. மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்த்தான் முருகையா. அது அவன் கையை நக்கியது. கடைசியில் பால் கொட்டகையில் ரப்பர்ப் பால் உறையாமலிருக்க ஊற்றுகிற அமோனியாவை ஒரு டின்னில் கொண்டுவந்து தரை முழுக்கக் கழுவிவிட்டான். கண் எரிந்தது, மூக்கு எரிந்தது, முத்தாயி சுவருக்கு அந்தப் பக்கம் இருமினாள். கப்பித்தான் மோந்து பார்த்தது. தன்னைவிடப் பெரிய நாய் ஒன்று வந்து தன் வீட்டில் ஒன்றுக்குப் போயிருக்கிறது என்று முடிவு கட்டி, அந்த அந்நியனுக்குப் பதில் சொல்லும் விதமாக அன்றைக்கு நாலு இடத்தில் போனது.

முத்தாயி நொண்டிக்கொண்டே ஆபீசுக்குப் போய் கிராணி என்கிற தோட்டத்துக் குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டாள். கிராணி முருகையாவைக் கூப்பிட்டார். "இன்னொரு வாட்டி கம்ப்ளேன் வந்திச்சுன்னா, நாயை கேட்டுக்காரன் துப்பாக்கிக்குக் கொடுத்திரணும். புரியுதா?"

அந்தச் சமயத்தில்தான் சன்னாசி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர்ந்தார். எழுந்து நடக்க முடியாது. படுத்தபடியே ஜாகாக் கம்பால் பலகைச் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். கட்டிலுக்கடியில் கப்பித்தானின் வால் தரையில் ஒரு அடி அடிக்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இரண்டு தட்டு, மறுபடி வால். அன்றோடு தரை காய்ந்தது.

"நாய்க்கு மூத்திரப்பை வயித்துல இல்லம்மா, காதுல இருக்குது," என்று மருமகளுக்கு விளக்கினார். "சத்தம் நின்னா தொறந்துக்கும்."

முத்தாயிக்கு அதுவும் பொறுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாள்: "ஏன் பெருசு, இது சுவரா, தப்பு மேளமா? எந்நேரமும் தட்டிக்கிட்டு!"

"ஜாகா வேலை பாக்குறேன் தாயி. உன்னை எவனும் திருடிக்கிட்டுப் போயிரக் கூடாதுல்ல."

"என்னைய எவன் தூக்கிட்டுப் போவான்?"

"வந்தானுங்களே. தூக்க முடியலன்னு திரும்பிப் போனானுங்க. காலடிச் சத்தம் கேட்டேன்."

பஞ்சாலை சாக்கைப் பிழிந்து பின்னால் எறிந்தாள். கையைக் கழுவினாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். அப்புறம்தான் அழுகை வந்தது. அதுவும் அவளைக் கேட்காமலே வந்தது.

முதல் ஆளாக வந்து நின்றவள் முத்தாயி. கிழவரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள்.

"மஞ்சத்தண்ணி தெளிச்சேங்க்கா," என்றாள் பஞ்சாலை அழுகைக்கு நடுவே.

"ம்," என்றாள் முத்தாயி.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். இடுகாடு கம்பி வேலிக்கு வெளியே, ரப்பர்க் காட்டு ஓரத்தில். ஆறு மணிச் சங்கு ஊதுவதற்குள் புதைத்துவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும். முருகையா பாஸ் வாங்க ஆபீசுக்கு ஓடினான். யாரோ பெட்டி அடிக்கப் பலகைக்கு ஓடினார்கள். தப்பு அடிக்க அனுமதி இல்லை. அந்தச் சத்தம் காட்டிலிருப்பவனுக்குச் சேதி சொல்வதாக ஆகிவிடுமாம். சன்னாசி சம்பந்தப்பட்டு அமைதியாக நடந்த முதல் காரியம் அது.

குளிப்பாட்டி, நெற்றியில் விபூதி பூசி, வாய்க்கரிசி போட்டுப் பெட்டியில் வைத்தார்கள். அவருடைய ஜாகாக் கம்பை முருகையா பக்கத்தில் வைத்தான். பஞ்சாலை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எடுத்துவிடலாமா என்று யோசித்தாள். செத்தவர் சாமானில் கை வைக்க முடியுமா? மூடிவிட்டார்கள்.

அவர் படுத்திருந்த இடத்தில் தரையில் ஒரு அகல் விளக்கு, ஒரு செம்புத் தண்ணீர். கருமாதி வரை அணையக் கூடாது. தரை மட்டத்தில் எரிகிற விளக்கு. நாய் காலைத் தூக்கினால் சரியாக அந்த உயரம்.

"முத்தாயிக்கா, நீங்க வரல?"

"காலு இழுக்குதுடி. சாவு வீட்ல உலை வைக்கக் கூடாது, வந்தவங்களுக்கு நாந்தான் கஞ்சி வைக்கணும்." முத்தாயி திரும்பினாள். "நாய் எங்க?"

"உள்ளதான் இருக்கும்."

"வீட்ல ஆளு?"

"எல்லாரும் கேட்டு வரைக்கும் போறோம்."

"ம்."

ஆண்கள் இடுகாட்டுக்கு, பெண்கள் கேட்டோடு நின்றுவிட வேண்டும். பஞ்சாலை கதவைச் சாத்தினாள். உள்ளே நகம் தரையில் இரண்டு தடவை கீறிய சத்தம் கேட்டது. பெட்டி தெருவில் இறங்கியது. பின்னால் குடை பிடித்தபடி கிராணி வேறு வந்துகொண்டிருந்தார்.

வழியெல்லாம் அவளுக்கு நடை கொள்ளவில்லை. மற்ற பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். இவள் அடிக்கிற அடி தாளம் தப்பித் தப்பி விழுந்தது. இந்நேரம் எழுந்திருக்கும். கட்டிலைச் சுற்றியிருக்கும். கட்டில்தான் இல்லையே, வெளியே போட்டுவிட்டார்களே. அப்படியானால் விளக்கிடம்தான் போகும். கூட வந்த ராக்கம்மா அவள் தோளைக் கட்டிக்கொண்டு, "மருமகள்னா இப்படி இருக்கணும், பாரு எப்படித் தவிக்கிறா," என்று பக்கத்தில் சொன்னாள்.

கேட்டில் ஊர்வலம் நின்றது. புதிதாக வந்த காவல்காரப் பையன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். காட்டிலிருப்பவன் கைக்குப் போய்விடும் என்று, வேலிக்கு வெளியே சோறு, அரிசி எதுவும் போகக் கூடாது என்பது உத்தரவு. தோளிலிருந்து இடுப்பளவுக்கு இறக்கித் திறந்தார்கள். பையன் குனிந்தான். சன்னாசியின் வாயைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

"பெராஸ்!" என்றான், அரிசியைக் காட்டி. "பெராஸ் வெளியே போகக் கூடாது!"

தோட்டத்து மேஸ்திரி அமிர்தலிங்கம் மண்டோர் தலைத்துண்டை எடுத்துவிட்டு மலாயில் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, அது ஒரு பிடி அரிசி. அவரு போற இடத்துல அடுப்பு கிடையாது. காட்டுக்காரன் வந்து கேட்டாலும், வாயைத் திறந்து கொடுக்கிற ஆளு இல்ல இப்ப."

பையனுக்குச் சிரிப்பதா சுடுவதா என்று தெரியவில்லை. சார்ஜனுக்கு ஆள் அனுப்பினான். சார்ஜன் எங்கோ சாயா குடித்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் தரையில் இறக்க முடியாது. தூக்கியவர்கள் கை மாற்றி மாற்றி நின்றார்கள். பஞ்சாலை வெயிலைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், லயத்துப் பக்கம் பார்த்தாள். ஒரு வழியாக சார்ஜன் வந்தார். பெட்டிக்குள் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பையனிடம் ஒரு வார்த்தை சொன்னார். கேட் திறந்தது.

பெட்டி கேட்டைத் தாண்டியது. முருகையா கொள்ளிச் சட்டியோடு திரும்பிப் பார்க்காமல் போனான். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து குரலெடுத்தார்கள். முறைப்படி அது அடங்குகிற வரை நிற்க வேண்டும். பஞ்சாலை நிற்கவில்லை. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள். கோயில் மேட்டைத் தாண்டியதும் ஓடினாள்.

"ஏய், குளிக்காம வீட்டுக்குள்ள போவாத!" என்று பின்னால் ராக்கம்மா கத்தினாள்.

லயம் காலியாகக் கிடந்தது. அத்தனை கதவும் சாத்தி. தன் வீட்டு வாசலுக்கு வந்தவள் படியில் கால் வைத்தாள். வைத்த கால் அங்கேயே நின்றது.

உள்ளே யாரோ பலகைச் சுவரில் தட்டினார்கள். இரண்டு தட்டு.

கம்பு பெட்டிக்குள் போய்விட்டது. பெட்டி கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. இருந்தாலும் அந்தக் கிழவர் சொன்ன கதைகளையெல்லாம் யோசித்தால், வந்தாலும் வந்துவிடுவார்.

மெதுவாகக் கதவைத் தள்ளினாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தரை காய்ந்திருந்தது. கப்பித்தான் கட்டில் இருந்த இடத்தில், சுவரை ஒட்டிப் படுத்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை. ஒரு காது மட்டும் சுவர்ப்பக்கம் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு ஊதும் சத்தம். இருமல். ஊதுகுழலைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு அகப்பைக் காம்பால் பலகையில் இரண்டு தட்டு.

கப்பித்தானின் வால் தரையில் ஒரு அடி அடித்தது.

"யாரு, பஞ்சாலையா?" என்றது முத்தாயியின் குரல்.

"ஆமாங்க்கா."

"போயாச்சா?"

"போயாச்சுக்கா."

சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி ஊதுகுழல் ஊதியது.

"கஞ்சிக்கு நேரமாகும்," என்றாள் முத்தாயி. "காலையிலயே சுவத்தோரம் இருந்த வெறகு நனைஞ்சு போச்சு. பத்த மாட்டேங்குது."

பஞ்சாலை வாசலிலேயே உட்கார்ந்தாள். குளிக்க வேண்டும், தலைக்கு ஊற்ற வேண்டும், நினைவிருந்தது. உட்கார்ந்தே இருந்தாள். பலகைச் சந்து வழியாகப் புகை கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வந்து விளக்கைச் சுற்றியது.

இரண்டு தட்டு.

வால்.