சனிக்கிழமை வரை அந்தரத்தில்

"என் தம்பி அந்தரத்துல தொங்குறான், நீங்க சனிக்கிழமைங்கிறீங்களே, மனுஷனா நீங்க?" என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி போட்ட சத்தம் தெருமுனை மருந்துக்கடை வரை கேட்டது. "சனிக்கிழமைன்னா சனிக்கிழமைதான். அதுக்கு முன்னாடி போட்டா அவனுக்குத்தான் ஆபத்து" என்று அவரும் குரலை உயர்த்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் குரல் உயர்ந்து கேட்டது அதுவே முதல் தடவை என்பதால் அடுப்பில் வைத்ததைக்கூட மறந்து பாதித் தெரு வாசலுக்கு வந்துவிட்டது. தம்பி தொங்கியது உண்மைதான். மழைக்கு முன் துணி எடுக்கப் போய், பறந்த படுக்கை விரிப்பை எட்டிப் பிடிக்கையில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி விழுந்தவன், மாடிவீட்டு ஜன்னலுக்கு நேரே நீச்சலடிப்பவனைப் போலக் கைகால் விரித்துக் காற்றில் நின்றுவிட்டான். விரிப்பு அவன் தலைக்கு மேலே குடைபோல் நின்றது. ஒரு செருப்பு மட்டும் இரண்டடி முந்திக்கொண்டு கீழே நின்றது.

இதற்கெல்லாம் காரணம் கடைக்காரர் வாங்கி வந்த டிவிடிப் பெட்டி. முகமூடி போட்ட விமானி ஒருவன் பன்னிரண்டு பாகங்களில் வில்லனைத் துரத்தும் பழைய கறுப்பு வெள்ளைத் தொடர்ப்படம். சின்ன வயதில் வாரம் ஒரு பாகமாகத் தியேட்டரில் பார்த்தவர் அவர். மூன்றாம் பாகத்தின் முடிவில் விமானியின் கார் மலையுச்சியிலிருந்து பாய்ந்தது. அடுத்த வாரம் இவருக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது. அவன் எப்படித் தப்பினான் என்ற கவலையோடுதான் மனிதர் படித்தார், கடை போட்டார், பெண் பார்க்கப் போனார். பெட்டி கைக்கு வந்த பிறகும், ஒரே மூச்சில் பார்ப்பது மரியாதையில்லை, சனிக்கிழமை மாலை ஒரு பாகம்தான் என்று வீட்டில் சட்டம் போட்டார். முதல் பாகம் விமானியைப் பாதாளக் கிணற்றில் தொங்கவிட்டு முடிந்தபோது, அடுப்பில் பொங்கிய பால் பாத்திரத்துக்கு மேலே வெள்ளைத் தொப்பியாக நின்றுவிட்டது. ஒரு வாரம் பக்கத்து அடுப்பில் சமைத்தார்கள். அடுத்த சனிக்கிழமை இரண்டாம் பாகம் தொடங்கியதும் பால் ஒரு சொட்டுச் சிந்தாமல் உள்ளே இறங்கியது. அந்தப் பாகத்தின் முடிவில் மனைவியின் கையிலிருந்து நழுவிய கண்ணாடி டம்ளர் நடுக்கூடத்தில் காற்றிலேயே நின்றது. அதைச் சுற்றிச் சுற்றி நடந்து சலித்த அம்மாள், திங்கட்கிழமை அவர் கடைக்குப் போன நேரத்தில் மூன்றாம் பாகத்தைப் போட்டுப் பார்த்தாள். டம்ளர் சுக்குநூறானது, பயந்துபோய் உடனே டிவியை அணைத்தாள். இரண்டாம் பாகம் அந்தரத்தில் விட்டது அப்படியாக முடிந்தது. சனிக்கிழமை அவர் மூன்றாம் பாகத்தை முறையாகப் போட்டார், கார் பாய்ந்தது, மைத்துனன் விழுந்தான்.

"பொறுத்திருந்த பால் தப்பிச்சுது, பொறுக்காத டம்ளர் உடைஞ்சுது. எனக்கு மட்டும் நாலாம் பாகம் பார்க்க ஆசையில்லையா?" என்றார் கடைக்காரர். "டம்ளரும் என் தம்பியும் ஒண்ணா?" என்று கேட்டாளே தவிர, அதன்பின் அவள் டிவி பக்கம் போகவில்லை. தெருவிலுள்ள மெத்தைகளையெல்லாம் வாங்கி வந்து கீழே அடுக்கினாள். தீயணைப்புக்காரர்கள் வந்து, ஏணி வைத்து, இடுப்பில் கயிறு கட்டி இழுத்தார்கள். ஆள் சுவரில் அடித்த ஆணியாக இருந்தான். விழுந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தம்பிக்குத் தெருவில் 'அவசரம்' என்று பெயர். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. வாசல் மணியை அடித்துவிட்டுக் கதவு திறப்பதற்குள் அடுத்த தெருவில் இருப்பான். அப்படிப்பட்டவனுக்கு மாடிவீட்டு ஜன்னலைப் பார்த்தபடி ஒரு வாரம் அசையாமல் கிடக்க வாய்த்தது. ஜன்னலுக்குள்ளே கணக்கு வாத்தியாரின் மகள் உட்கார்ந்து பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்துகொண்டிருந்தாள். ரப்பர் குழாயால் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். இடுக்கியால் ரொட்டித்துண்டு ஊட்டினாள். அவள் அரத்தால் ராவிக்கொண்டிருந்த பல்வரிசையைப் பார்த்து, "இது யாருதுங்க?" என்று கேட்டான் ஒரு நாள். "நேத்து கீழ நின்னு உங்களைப் பார்த்துப் பொக்கைவாயால சிரிச்சாரே, அவருது" என்றாள். அவன் சிரித்த சிரிப்பில் செருப்புகூட ஆடியதாகப் பால்காரர் சொன்னார். பால்காரர் எதையும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தே சொல்வார். வெள்ளிக்கிழமை அவன் மெதுவாக, "நாளைக்கு விழுந்துட்டேன்னா?" என்றான். "விழமாட்டீங்க. பேசாம குடிங்க, சிந்துது" என்றாள். அன்று அவள் ராவிய பல் அளவுக்கு மீறித் தேய்ந்துபோயிற்று.

சனிக்கிழமை கடைக்காரர் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் டிவிடியைத் துடைத்துப் போட்டார். கூடத்தில் நிற்க இடமில்லை. கணக்கு வாத்தியாரே மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார். அக்காக்காரி மட்டும் வெளியே மெத்தைகளின் நடுவில் முந்தானையை விரித்துப் பிடித்து நின்றாள். திரையில் கார் மறுபடியும் உச்சியை நோக்கி ஓடியது. ஆனால் போன வாரம் இல்லாத ஒரு காட்சி இப்போது இருந்தது. கார் பாயும் முன்பே விமானி கதவைத் திறந்து புல்லில் குதித்து உருண்டுவிட்டான். விழுந்தது வெறுங்கார். "சரியான ஏமாத்து" என்றார் மருந்துக்கடைக்காரர். "இவ்வளவுதானா" என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அழுதார், சந்தோஷமாகத்தான்.

வெளியே விரிப்பு வெறுமனே மெத்தைமேல் விழுந்தது, பின்னாலேயே செருப்பு. காற்றில் ஆளில்லை. எல்லோரும் மாடிக்கு ஓடினால், அவன் வாத்தியாரின் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விழும்போதே ஜன்னலைப் பிடித்து உள்ளே வந்துவிட்டானாம். எப்போது என்று அக்கா கேட்டாள். "போன சனிக்கிழமைதான்க்கா" என்றான். அவன் அப்படி ஜன்னலில் ஏறியதை நேரில் பார்த்தது அங்கிருந்த அத்தனை பேருக்கும் நினைவு வந்தது. அவன் வாரம் முழுக்கத் தொங்கியதும் நினைவிருந்தது. வாத்தியாருக்கு மட்டும் கணக்கு உதைத்தது. "ஒரே ஆள் ரெண்டு இடத்துல இருக்க முடியாது. வெளிய தொங்கலைன்னா, ஒரு வாரமா என் வீட்டுக்குள்ளயா இருந்தே?" என்றார். மகள் சாம்பார்க் கரண்டியைக் கீழே வைக்காமலே, "ஆமாப்பா, நீங்கதான் கவனிக்கலை" என்றாள். இரண்டில் எது உண்மை என்று தெரு மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பேசுவதற்கு எது வாகாக இருந்ததோ அதை எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே கல்யாணம் நடந்தது.

பெண்ணும் மாப்பிள்ளையும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். தனியாக இருக்க முடியாமல் வாத்தியாரும் பின்னாலேயே போனார். கடைக்காரரும் மனைவியும் மீதிப் பாகங்களை, இனி யாரும் விழ இடமில்லாதபடி தரையில் உட்கார்ந்து பார்த்து முடித்தார்கள். ரயில் நிலைய வீட்டில் சண்டை இல்லாமல் இல்லை. ஆனால் வார்த்தை தடிக்கிற இடத்தில் அப்படியே நின்றுவிடுமாம், மிச்சம் சனிக்கிழமைக்கு. சனிக்கிழமை வந்ததும், விட்ட இடத்துக்குச் சற்று முன்னாலிருந்து தொடங்கிப் பார்த்தால், அந்தக் கடைசி வார்த்தையை இரண்டு பேரில் யாரும் சொல்லியே இருப்பதில்லையாம்.