பின்வரிசையில் ஓர் இடம்

வெள்ளை அங்கியை மறுபடியும் சோப்பு நீரில் முக்கினாள். மற்ற இடமெல்லாம் பளிச்சென்று வெளுத்துவிட்டது. கழுத்துப்பட்டைக்குக் கீழே, காசளவு மஞ்சள் மட்டும் போக மறுத்தது. இறந்துபோன கணவரின் தொண்டையில் டாக்டர்கள் போட்ட துளை சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது. ஆலயத்து அங்கி, திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கறையோடு கொடுக்கக் கூச்சமாக இருந்தது. கறை போய்விட்டாலோ, அவர் உடம்பின் அடையாளம் என்று சொல்ல வீட்டில் வேறெதுவும் இல்லை.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். பாடகர் குழுத் தலைவர் வந்திருந்தார். பிழைப்புக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சோபாவில் உட்கார்ந்தாலும் முன்னால் ஸ்டியரிங் இருப்பதுபோல் கைகளை வைத்துக்கொள்வார்.

"ஞாயித்துக்கிழமை நினைவு ஆராதனையில அண்ணன் பாடுன பழைய பாட்டு ஒண்ணைப் போடலாம்னு இருக்கோம்க்கா. போன்ல பத்திரமா வெச்சிருக்கேன். ஸ்பீக்கர்ல போட்டா சும்மா கோயிலே அதிரும்."

"இப்பப் போட்றாதீங்க" என்றாள் அவசரமாக.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவரைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் அவரை வெண்கலம் என்றுதான் கூப்பிட்டார்கள். அச்சகத்தில் புத்தகம் தைக்கிற வேலை. ஆனால் யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "பாடுறேன்" என்பார். புற்று வந்து குரல்வளையை எடுத்த பிறகு, பல மாதம் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாக எழுந்து, அங்கியை மாட்டிக்கொண்டு, பாடகர்களின் பின்வரிசையில் போய் நின்றார். மற்றவர்கள் பாடினார்கள். அவர் வாயைத் திறந்து மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் வெடித்தாள். "வாயைத் தொறந்து தொறந்து மூட, தொட்டியில மீன் இருக்கு, அது போதாதா? எல்லாரும் ஐயோ பாவம்னு பாக்குறாங்க. எனக்குத் தலை தூக்க முடியல."

அவர் சிரித்தார். தோள் குலுங்கியது, துளை உஸ்ஸென்றது. விரலால் அதை அடைத்துக்கொண்டால் கரகரவென்று கொஞ்சம் பேச்சு வரும்.

"எனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப நான் பாடவா செஞ்சேன்? வீல்னு கத்துனேனாம். அப்பவே ஆண்டவர் எம்புள்ளைன்னுட்டாரு. இன்னும் மாத்திச் சொல்லலியே."

"அப்ப இத்தனை வருஷம் பாடுனது?"

"அதுவா? ஆசைக்குப் பாடுனேன்."

அந்த நிம்மதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இழந்த குரல் அது. அவர் மட்டும் ஏதோ ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவளும் தட்டிப் பார்த்தாள். முழங்காலில் நின்றும் பார்த்தாள். முழங்கால் வலித்ததுதான் மிச்சம்.

"கடைசி வரைக்கும் அண்ணன் எங்களுக்குப் பிரயோஜனமாத்தான் இருந்தாருக்கா" என்றார் தலைவர். "அவரு மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கும்ல? அதைக் கேட்டுத்தான் பின்வரிசையே மூச்சு எடுக்கும்."

அவள் மனம் அதை ஆவலோடு பற்றிக்கொண்டது. வீணாக நிற்கவில்லை, அவர் தேவைப்பட்டிருக்கிறார். மறு நிமிடமே அது கைநழுவியது. இதைக் கேட்டால் அவர் தோள் குலுங்கச் சிரிப்பார். பிரயோஜனப்பட வேண்டும் என்று அவர் அங்கே நிற்கவில்லை. இந்த ஆறுதல் வேண்டியிருந்தது அவளுக்குத்தான்.

"பாட்டைப் போடட்டுமாக்கா?"

கேட்க வேண்டும் என்று அவள் உடம்பே தவித்தது. போட்டால், என்ன குரல் என்று எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவர் மறுபடி வெண்கலம் ஆகிவிடுவார். வாய் மட்டும் அசைய நின்றிருந்த மனிதர் அன்றோடு யார் நினைவிலும் இருக்கமாட்டார்.

"வேணாம்."

"ஜனங்க கேப்பாங்களேக்கா."

"வெண்கலத்தைக் கேப்பாங்க. எம்புருஷனை யாரு கேப்பா? அவரு நின்ன இடத்தை மட்டும் காலியா விடுங்க."

தலைவர் எதுவும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார். கேட் சாத்துகிற சத்தம் வந்ததும் அவளுக்கு ஓடிப்போய்க் கூப்பிடலாமா என்றிருந்தது. கணவருக்காகத்தான் வேண்டாம் என்றாள். அவருக்கு இருந்த நிம்மதி அவளுக்குள் வந்து சேரவில்லை. "பிதாவே" என்று சொல்லிப் பார்த்தாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

அங்கியைப் பிழியாமல் அப்படியே கொடியில் போட்டாள். காற்று உள்ளே புகுந்து மார்பையும் தோளையும் மெல்ல நிரப்பியது. கழுத்தருகே அந்த மஞ்சள் அப்படியே இருந்தது. கிட்டப் போய், அவர் செய்வதுபோலவே, அதன்மேல் விரலை வைத்து அடைத்துக்கொண்டு நின்றாள். அங்கியின் விளிம்பிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.