பாட்டில் விழுந்த பெயர்

என் புருஷன் ஹோசியாவுக்குக் கிதார் வாசிக்கும் விரல்களில் இருந்த புத்தியில் பாதி வாயில் இருந்திருந்தால், இதைச் சொல்ல வேண்டிய தலையெழுத்து எனக்கு வந்திருக்காது.

எங்கள் பருத்திக்காட்டில் துரையைத் திட்ட வேண்டுமானால் கழுதையைத் திட்டுவோம். கேட் என்று ஒரு கோவேறு கழுதை இருந்தது. அது செத்துப் பத்து வருடமாகியும் பாட்டில் மட்டும் சாகவில்லை. கேட் உதைத்தது, கேட் கடித்தது, கேட் எங்கள் கூலியைத் தின்றது என்று பாடிக்கொண்டே பஞ்சு எடுப்போம். குதிரைமேல் இருக்கும் மேஸ்திரியும் கேட்டுச் சிரிப்பான்.

பெருவெள்ளத்தின்போது ஆற்றங்கரையில் மணல் மூட்டை அடுக்க எங்கள் கறுப்பு ஆட்களைப் பிடித்துப்போனார்கள். படகில் ஏறித் தப்பப் பார்த்த லெம் என்பவனை எங்கள் பிளெட்சோ துரை சுட்டு, அந்த மூட்டைகளுக்கு அடியிலேயே போட்டு மூடச் சொன்னார். ஆறு கொண்டுபோய்விட்டது என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். ‘கேட் உதைச்சுது, லெம் தூங்குறான் கரைக்குள்ளே’ என்று நாங்கள் பாடினோம். மூன்று வருடமாக அதற்குமேல் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

இந்தக் கோடையில் ஹோசியா சிகாகோ போய் நாலு பாட்டை இசைத்தட்டில் பதிந்துவிட்டு வந்தான். புதுக் கோட்டு, புதுத் தொப்பி, நடையே வேறு. ஒரு மாதம் கழித்துச் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

“மூணு பாட்டு முடிஞ்சுது. இன்னொண்ணு வேணும்னாங்க. கைவசம் ஒண்ணுமில்ல, கேட் பாட்டை எடுத்து விட்டேன்.”

“அதுக்கென்ன இப்ப?”

“கேட்னு பாடல, வெர்டெல். பிளெட்சோன்னே பாடிட்டேன்.”

கையிலிருந்த சோளரொட்டியைக் கீழே வைத்தேன்.

“உனக்கென்ன பைத்தியமா பிடிச்சுது?”

“அங்க ஒருத்தனுக்கும் துரைன்னா யாருன்னே தெரியாதுடி. பதியறதுக்குச் சிவப்பு விளக்கு எரிஞ்சுது, பாடுன்னாங்க. பயமே வரல.”

“உனக்குப் பயம் வரல, இங்க எனக்கு உசிரு போகுது. இன்னிக்கே ரயில் ஏறிடுய்யா.”

“அட போடி. நம்ம தட்டை வெள்ளைக்காரனா வாங்கப் போறான்? சனிக்கிழமை கச்சேரிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

நான் சமைப்பது அந்தத் துரை வீட்டில்தான். வியாழக்கிழமை துரைசானி டவுனிலிருந்து திரும்பும்போது கிராமபோனும் தட்டும் விற்கும் மரச்சாமான் கடையில் அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“வெர்டெல், இங்க பாரு, உன் புருஷன் பாட்டு! கடையில எங்க வெள்ளைக்கார சனம் கூட இதைத்தான் கேக்குது.”

முன்பக்கத்தில் இருந்தது ஆட்டத்துக்கான பாட்டு; பிளெட்சோ பாட்டு பின்பக்கம். அதையே மூன்று தடவை போட்டு ஆடினாள். அடுப்படியில் என் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. பிறகு முள் நின்றது.

“பின்பக்கம் என்னதான் இருக்குன்னு பாப்போமே.”

ஓடிப்போய்க் கையை நீட்டினேன். “குடுங்கம்மா, தூசியா இருக்கு, துடைச்சுத் தரேன்.” வாங்கின கையோடு தரையில் போட்டேன். மூன்று துண்டாக உடைந்தது.

“கை விளங்காதவளே! உன் புருஷன் பாட்டுன்னா உனக்கே பொறாமையா? போ வீட்டுக்கு, இந்த வாரம் என் கண்ணுல படாதே.”

“தெரியாம நழுவிருச்சும்மா.”

துண்டுகளைப் பொறுக்கி அடுப்பில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஆபத்து கழிந்தது என்றே நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! ஒரு தட்டை உடைத்துவிட்டு, பாட்டையே உடைத்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

பருத்திக்காட்டு வளைவில் திரும்பியதும் சத்தம் வந்தது. நாற்பது பேர் குனிந்து பஞ்சு எடுத்தபடி பாடிக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு எடுத்த கிராமபோன் வைத்திருக்கும் ஒருத்தன் வீட்டில் ஞாயிறு முழுக்க அந்தத் தட்டைக் கேட்டிருக்கிறார்கள். லெம்மின் அம்மாதான் முதலடி எடுத்துக் கொடுத்தாள். கேட் இல்லை. பிளெட்சோ. பிளெட்சோ சுட்டான், லெம் தூங்குறான் கரைக்குள்ளே. அந்தக் கிழவியின் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டு நான் அறிந்ததில்லை. என் கண் நிறைந்துவிட்டது. பயம்தான், ஆனால் என் ஹோசியாவை நினைத்துப் பெருமையும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அப்போதுதான் காரைப் பார்த்தேன். வரப்போரம், மரத்தடியில், இன்ஜினை அணைத்து நிறுத்தியிருந்தது. மேஸ்திரி குதிரையை விட்டு இறங்கித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். உள்ளே துரை. ஜன்னலில் முழங்கை வைத்து, தலையைச் சாய்த்து, அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

குனிந்திருந்தவர்கள் அவரைப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். அவரும் மறுபடி முதலிலிருந்து கேட்டார். பிறகு மேஸ்திரியிடம் ஏதோ கேட்டார். அவன் எங்கள் வீடு இருக்கும் திசையில் கையை நீட்டினான்.

கார் கிளம்பியது. துரை வீட்டுக்கு இடப்பக்கம் போக வேண்டும். அது வலப்பக்கம் திரும்பியது.

செருப்பை உதறிவிட்டுப் பருத்திக்குள் குறுக்கே விழுந்து ஓடினேன். செடி காலைக் கிழித்தது. எங்கள் வீட்டுக் கூரை தெரிந்தது. ஹோசியா வாசலில் உட்கார்ந்து சனிக்கிழமைக்காகக் கிதாரை மீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. நான் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை.